இரண்டாவது குப்பி

நிச்சயத்துக்கு முன்னால் ஜாதகத்தோடு, மரபணுக் கோளாறு இல்லை என்கிற செல் சான்றிதழும் கேட்கிற காலம் இது. கோவில்பட்டி பரிசோதனை மையத்தில் அதற்கு மாதிரி எடுப்பவள் நான். ஒரே உடம்பில் இடத்துக்கு இடம் மரபணு மாறியிருக்கலாம் என்பதால், இரண்டு உள்ளங்கைகளிலும் தோலைச் சுரண்டி இரண்டு குப்பிகளில் போட வேண்டும்.

மூன்று வருடத்துக்கு முன் கோமதி வந்தாள். வலது கையில் எடுத்துவிட்டு இடது கையைக் கேட்டேன். அவள் அம்மா தடுத்துவிட்டார்.

"நல்ல காரியத்துக்கு வந்திருக்கோம். பீச்சாங்கைய நீட்டச் சொல்லுதியே, தாயி."

தினமும் யாராவது ஒருவர் இதைச் சொல்வார்கள். எனக்கும் சண்டை போட்டு அலுத்திருந்தது. வலது கையிலேயே இன்னொரு முறை சுரண்டி இரண்டாவது குப்பியையும் நிரப்பினேன். குறை எதுவும் இல்லை என்று சான்றிதழ் வந்தது. எனக்கு வெற்றிலை பாக்கு வைத்துப் பத்திரிகை கொடுத்தார்கள்.

நேற்று கோமதி தனியாக வந்தாள். அவள் குழந்தை பிறந்த எட்டாம் மாதத்தில் இறந்துபோயிருந்தது. ஆஸ்பத்திரிக் கடிதத்தை நீட்டினாள். குழந்தையின் எல்லாச் செல்களிலும் கோளாறு இருந்தது, அது தாயிடமிருந்து வந்திருக்க வேண்டும், அவளுக்கு இரண்டு கைகளிலும் மறுபடி மாதிரி எடுக்கவும் என்று எழுதியிருந்தது. படித்து முடிக்கும் முன்பே எனக்குப் புரிந்துவிட்டது.

நான் கேட்காமலேயே அவள் இடது கையை மேசைமேல் வைத்தாள்.

"பிள்ளைய எப்பவும் இந்தக் கையிலதான்க்கா வச்சிருப்பேன்" என்றாள்.