மூன்றாவது வரிசையில் அம்மா

மூடிய நூல் மில்லை அருங்காட்சியகமாக்கும் திட்டத்தில், தொழிலாளர் கூடம் என் பொறுப்பு. எங்கள் வீட்டில் முதல் டிகிரி என்னுடையது. அதே கூடத்தின் மூன்றாவது மிஷின் வரிசையில் என் அம்மா மாராத்தாள் முப்பது வருஷம் நின்றாள். உட்கார்ந்தால் சூப்பர்வைசர் கத்துவான்.

மில்லின் பழைய கேமராப் பதிவுகளைக் கொண்டு தொழிலாளர்கள் எல்லோரையும் நடமாடும் ஒளியுருவங்களாக்கியிருந்தோம். பதிவுகள் தீர்ந்த பிறகும் அந்த உருவங்கள் தாமாகவே மூப்படைந்து வேலையைத் தொடரும். நேற்றைய வெள்ளோட்டத்தில், அம்மாவோடு வேலை பார்த்த வேலுமணி அக்காவின் உருவம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தது. ஏதோ கோளாறு என்று சிரித்தார்கள். இன்று விடிந்ததும் அக்கா வீட்டில் சாவுப் பந்தல் போட்டார்கள்.

மதியம் அம்மாவின் உருவம் இருமியது. மிஷினைப் பிடித்தபடி மெல்லத் தரையில் உட்கார்ந்தது. பிறகு எழவே இல்லை.

திட்டத் தலைவர் சந்திரமோகன் முகம் சுளித்தார். "விழறதையெல்லாம் வெட்டிருங்க அம்மிணி. குழந்தைங்க வர்ற இடம்."

"பஞ்சுத் தூசியத் தின்னவங்க சார். வேற எப்படி விழுவாங்க?"

"அது நம்ம பிளான்ல இல்லையே."

அடையாள அட்டையை அவர் மேசையில் வீசிவிட்டு வீட்டுக்கு ஓடினேன். அம்மா நின்றபடி தோசை சுட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஏதோ சொல்ல வந்தவளை இருமல் பிடித்துக்கொண்டது. சுவரைப் பிடித்தபடி மெல்லக் கீழே உட்காரப் போனாள்.

"உக்காராதம்மா!" என்று கத்தினேன்.

அம்மா விறைத்து நிமிர்ந்தாள். பிறகு, சுவரிலிருந்து கையை எடுக்காமலே, மூச்சு வாங்கச் சிரித்தாள்.

"ஏங்கண்ணு, நீயும் சூப்பர்வைசராயிட்டியா?"