இன்னும் ஒரு ஆட்டம்

"புருஷன் பஸ்ல அடிபட்டுச் செத்து ஆறு மாசம் ஆகலை. அவ வீடியோ கேம் ஆடுறாளாம். அதுவும் ஆள் மேல காரை ஏத்துற கேம்."

காளவாசல் பஸ் ஸ்டாப்பில் யாரோ யாரிடமோ சொன்னது. மறுநாளே அது வியாபாரிகள் சங்கத் தலைவர் நல்லகாமனின் காதுக்குப் போய்விட்டது.

அந்த மெஷின் மேல் அவருக்கு ஏற்கெனவே ஆத்திரம். பால்பாண்டி அதை மெட்ராஸில் பழசாக வாங்கி வந்து கடை போட்டிருந்தான். எட்டணா போட்டால் திரையில் ஒரு கார் ஓடும். குறுக்கே மனிதர்கள் வருவார்கள். ஒருவரை இடித்தால் ஒரு அலறல், பத்து பாயிண்ட், அந்த இடத்தில் சின்னதாக ஒரு சமாதிக் கல்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இருபது பேரும் ஒரு புதுப் பூட்டுமாக நல்லகாமன் கடை வாசலுக்கு வந்தார்.

"கடையை மூடு பால்பாண்டி. மனுஷனை அடிச்சுக் கொல்றதுக்குப் பாயிண்டு குடுக்கிற எழவு நம்ம ஊருக்கு வேணாம்."

"பிடிக்காதவங்க வர வேணாம்ணே. நான் யார் கையையும் பிடிச்சு இழுக்கலையே. சினிமாவுல நூறு பேரை வெட்டுறான். அதுக்கு வரிசையில நின்னு டிக்கெட் வாங்குறீங்க."

"சினிமாவுல கெட்டவன் சாவான்டா. இதுல ரோட்டுல சும்மா போறவன்ல சாகுறான்."

"நீங்க ஒரு தடவை ஆடிப் பாத்திருக்கீங்களாண்ணே?"

"அதை வேற ஆடிப் பாக்கணுமாக்கும்?"

கூட்டம் சிரித்தது. பால்பாண்டியைத் தள்ளிக்கொண்டு நல்லகாமன் உள்ளே போனார். போனவர் நின்றுவிட்டார்.

கீரைக்கூடையைக் கீழே இறக்கி வைத்துவிட்டு, மெஷினின் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள் சோணையம்மாள்.

"ஏத்தா, ஒனக்காகத்தான் இம்புட்டுப் பேரு வந்து நிக்கிறோம். ஊரு சொன்னப்பகூட நான் நம்பலை. நீயே இங்க உக்காந்திருக்க. ஒம் புருஷன் ஆண்டிச்சாமியை நினைச்சுப் பாத்தியா?"

அவள் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை.

"நல்லாத்தான் துக்கம் கொண்டாடுறா" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"வாயை அளந்து பேசுங்க" என்றான் பால்பாண்டி. "சோணைக்கா ஒரு மாசமா வருது. பாயிண்டு எடுக்க ஆடலை. யார் மேலயும் ஏத்தாம ஓட்டணும்னு ஆடுது. ஒதுங்கி ஒதுங்கித்தான் போகும். எப்படியும் கடைசியில ஒரு ஆளு வந்து விழுந்துருது."

நல்லகாமன் அவளைப் பார்த்தார். "எதுக்குத்தா இந்த வேலை?"

சோணையம்மாள் மெஷினைப் பார்த்தபடியே பேசினாள்.

"அந்த டிரைவர் விருமாண்டி சம்சாரம் வந்து கால்ல விழுந்துச்சுய்யா. 'குறுக்க வந்துட்டாரு, திருப்ப முடியலக்கா'ன்னு அழுதுச்சு. நான் ஏற்கெனவே போலீஸ்ல, அவன் திருப்பியிருக்கலாம்னு சொல்லிட்டேன். கண்ணால பாத்தவ நான்தானே. ஆனா வண்டி ஓட்டுறதைப் பத்தி எனக்கு என்னய்யா தெரியும்? பஸ்ல முன் சீட்டுலகூட உக்காந்தது இல்லை. நாளைக்குக் கோர்ட்டுல கேப்பாங்க. என் ஒரு சொல்லுல அவன் உள்ள போயிருவான். அவனுக்கும் ரெண்டு பொம்பளைப் பிள்ளைக."

"அதுக்கு?"

"ஒரே ஒரு தடவை யாரையும் இடிக்காம ஓட்டிட்டேன்னா, அவன் திருப்பியிருக்கலாம்னு தைரியமாச் சொல்லிருவேன்."

"பொம்மைக் காரை வச்சு பஸ் டிரைவருக்குத் தீர்ப்பா?" என்றார் ஒருவர். இந்தத் தடவை சிரிப்பு அவ்வளவாக எழவில்லை.

நல்லகாமன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "சரி, போதும். எந்திரி. கடையைப் பூட்டணும்."

"இன்னும் ஒரு ஆட்டம்ய்யா. நாளைக்குக் காலையில கோர்ட்டு."

அவர் ஒரு அடி பின்னால் நகர்ந்தார். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு பால்பாண்டி எட்டணாவைப் போட்டான்.

கார் கிளம்பியது. முதல் ஆள் குறுக்கே வந்தான்; அவள் ஒதுங்கினாள். இரண்டு பேர் சேர்ந்து வந்தார்கள். நடுவே புகுந்து போனாள். கதவோரம் நின்றவர்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்து அவளுக்குப் பின்னால் கூடினார்கள். கார் சாயும் பக்கமெல்லாம் அவர்கள் தோளும் சாய்ந்தது.

"பாத்துத்தா, பாத்து."

ஐந்து, ஆறு, ஏழு பேர் தப்பினார்கள். பாயிண்ட் பூஜ்யத்திலேயே நின்றது. ஆட்டம் முடிய இன்னும் சில விநாடிகள்தான்.

வலது ஓரத்திலிருந்து ஒருவன் ஓடி வந்தான்.

"இடது பக்கம். இடது பக்கம் ஒடி ஆத்தா" என்றார் நல்லகாமன்.

சோணையம்மாள் இடது பக்கம் ஒடித்தாள். அங்கே ஒருவன் நின்றுகொண்டிருந்தான்.

அலறல். பத்து பாயிண்ட். ஒரு கல்.

நல்லகாமன் கையிலிருந்த பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் எழுந்து கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வெளியே போனாள். அதன் பிறகு கடையைப் பூட்டினார்கள். அதில் மாற்றம் எதுவும் இல்லை.

திங்கட்கிழமை கோர்ட்டில் அரசாங்க வக்கீல் கேட்டார்.

"டிரைவர் நினைச்சிருந்தா பஸ்ஸைத் திருப்பியிருக்கலாம்னு போலீஸ்ல சொல்லியிருக்கீங்க. இங்கேயும் அதைத்தானே சொல்றீங்க?"

சோணையம்மாள் எதிரே கைகட்டி நின்ற விருமாண்டியைப் பார்த்தாள். பிறகு இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, அங்கே இல்லாத ஒரு ஸ்டியரிங்கைப் பிடித்தாள். வலது பக்கம் திருப்பினாள். இடது பக்கம் திருப்பினாள். கைகளை மெல்லக் கீழே இறக்கிவிட்டு, இல்லை என்று தலையை ஆட்டினாள்.