மேட்டில் வந்த சத்தம்

"சார், மேடு ஏறும்போது எஞ்சினுக்குள்ள யாரோ சுத்தியலால தட்டுற மாதிரி இருக்கே?"

காரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்த பல் டாக்டர், சாவியைத் திருப்பிக் கொடுத்தபடி சொன்னார். போர்மனுக்கு முகம் சுருங்கிவிட்டது. பம்ப் ஹவுஸில் போர்மனாக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவுக்கே அவர் இன்னும் போர்மன்தான்.

"இருக்காதுங்க. நேத்துகூட நான் ஏத்தினேன். சத்தமே இல்லாம போச்சு."

"நீங்களே வந்து கேளுங்க."

கேட்டார். பாதி மேட்டில் டர்போ வேகமெடுத்ததும் டக் டக்கென்று தெளிவாகவே கேட்டது.

"பல்லா இருந்தா பிடுங்கிப் போட்டுடுவேன். எஞ்சின் நமக்கு ஆகாது சார்" என்று சொல்லி டாக்டர் நழுவிவிட்டார். இவ்வளவு பழைய வண்டியைக் கேட்டு வந்தவர் அவர் ஒருவர்தான். இனிமேல் காயலான் கடைதான் கதி.

விற்கும் யோசனை அவருடையதல்ல. மனைவி அந்த வண்டிக்கு வைத்திருந்த பெயரே 'சக்களத்தி'. "அவளுக்குத் தனி ஷெட்டு, என் தையல் மெஷினுக்குக் கட்டில் இடுக்கா?" என்று வருஷக்கணக்காகக் கேட்டுக் கேட்டு, போன வாரம்தான் அவரைச் சம்மதிக்க வைத்திருந்தாள். வாக்குக் கொடுத்தாயிற்று. அன்றிலிருந்து சாப்பாட்டு மேசையில் கரண்டிச் சத்தத்தைத் தவிர வேறு பேச்சில்லை.

இன்று மத்தியானம் பேச்சு வந்தது.

"டர்போ என்ன பண்ணும்? காத்தை அமுக்கி எஞ்சினுக்குள்ள தள்ளும். அமுக்கினா காத்து சூடாகும். அந்தச் சூட்டோட உள்ளே போனா பெட்ரோல் ஒழுங்கா எரியாம அது பாட்டுக்கு வெடிக்கும். அதான் இந்தத் தட்டுற சத்தம். அது வரக்கூடாதுன்னுதான் முன்பக்கம் கூலர் வச்சிருக்கான். எதிர்காத்துல கூலர் குளுந்தா, உள்ளே போற காத்தும் குளுந்துடும். நேத்து வரைக்கும் குளுந்துச்சே, இன்னிக்கு என்ன கேடு வந்துச்சு?"

"எனக்கு என்ன தெரியும்? சாப்பிடுங்க" என்று மனைவி இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

"உனக்கு எங்க தெரியப் போகுது? நான் சொல்றதை ஒரு நாளாவது காதுல வாங்கியிருந்தாத்தானே?"

அவள் குழம்புக் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினாள்.

மனசு கேட்காமல், போர்மன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவிக்கொண்டு ஷெட்டுக்குப் போனார். தரையில் மல்லாந்து படுத்து, பம்பருக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். கூலரின் முகத்தை அடைத்துக்கொண்டு கறுப்பாக ஏதோ செருகியிருந்தது. இழுத்தார். ரப்பர் கால்மிதி. காலையில் குளித்துவிட்டு வந்தவர், வாசலில் அது இல்லாமல் வழுக்கி விழப் பார்த்தார். "காயப் போட்டிருக்கேன்" என்று மனைவி சொன்ன அதே கால்மிதி.

அதைக் கையில் பிடித்தபடி உள்ளே வந்தார். அவருடைய தட்டை எடுக்காமல், எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள் அவள்.

"கூலரை அடைச்சா சத்தம் வரும்னு உனக்கு யாருடி சொன்னது?"

"நீங்கதான். இதே மேசையில, கல்யாணம் ஆனதுலேருந்து. அந்தச் சத்தத்தோட ஒண்ணு ரெண்டு தடவை ஏத்தினா ஒண்ணும் ஆகாது, ஓயாம ஓட்டினாத்தான் பிஸ்டன் போகும்னு அதையும் நீங்கதான் சொன்னீங்க."

போர்மன் திகைத்துப் போனார். "அடிப்பாவி, வண்டி போனா ஷெட்டு உனக்குத்தானே?"

"ஷெட்டு இருந்து என்ன பண்ண? ஒரு வாரமா என்கிட்ட ஒரு வார்த்தை பேசலை நீங்க" என்று அவர் தட்டை முன்னே தள்ளினாள். "கூலர் வரைக்கும் சொன்னீங்க. உட்கார்ந்து மீதியைச் சொல்லுங்க."