காபி டம்ளருக்குப் பக்கத்தில்

புற்றுநோய் மருந்து கலக்கும் நர்ஸ்களின் உடம்பில் அந்த மருந்து ஏறியிருக்கிறதா என்று பார்க்கச் சுகாதாரத் துறையிலிருந்து சிறுநீர் கேட்டிருந்தார்கள். குப்பியோடு வந்து நின்ற எஸ்தரைக் கண்காணிப்பாளர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“உங்களோடது வேணாம் சிஸ்டர். உங்களுக்குப் பதிலா ஆபீஸ் பொண்ணுங்க குடுத்துட்டாங்க.”

“அவங்க மருந்தையே தொட்டதில்லையே சார். எனக்குத்தான் ரெண்டு தடவை கலைஞ்சிருக்கு. இப்ப மறுபடியும் முழுகாம இருக்கேன்.”

“அதுக்கும் இதுக்கும் முடிச்சுப் போடாதம்மா.”

எஸ்தர் குப்பியை அவருடைய காபி டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தாள். அவர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

“என்னம்மா நீ, இதுல அந்த மருந்து இருக்கும்ல? வெறுங்கையால எப்படித் தொடறது?”

எழுந்துபோய்ப் பீரோவைத் திறந்தார். நர்ஸ்கள் கேட்கும்போதெல்லாம் ஸ்டாக் இல்லை என்று அவர் சொல்லிவந்த தடித்த கையுறைகள் மேல்தட்டுவரை அடுக்கியிருந்தன. அவர் மூடப் போன கதவை எஸ்தர் வெறுங்கையால் பிடித்துக்கொண்டாள்.