ஆறிப்போன காப்பி

காதலைப் பற்றிப் படம் எடுக்கிறோம் என்று கேமராவோடு வீட்டுக்கு வந்தவர்களை நான் நம்பவில்லை. "என் பொண்டாட்டிகிட்ட ஒண்ணும் கேக்கக் கூடாது, எதுவானாலும் என்னைக் கேளு" என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தேன். இன்று தியேட்டரில் அந்தப் படம். திரையில் என் முகம் பெரிதாக வந்தது. "நாப்பது வருஷமா பவளக்கொடிக்கு நான் ஒரு குறை வச்சதில்லை" என்று நான் சொன்னதும் ஜனம் சிரித்தது. என்ன எழவுக்குச் சிரிக்கிறார்கள் என்று பார்த்தேன். திரையில் எனக்குப் பின்னால், கதவோரம், பவளக்கொடி காப்பி டம்ளரோடு நின்றுகொண்டிருந்தாள். நான் பேசப் பேச, சூடு தாங்காமல் கை மாற்றினாள், முந்தானையால் பிடித்தாள், கூப்பிட வாயெடுத்து மூடிக்கொண்டாள். ஒவ்வொன்றுக்கும் சிரிப்பு. "ஐயோ, பெருசு திரும்பவே மாட்டேங்குதே!" என்றாள் ஒருத்தி. என் பக்கத்து இருக்கையில் பவளக்கொடியும் சிரித்தாள்.

"நீ என்னடி சிரிக்கிறே?"

"காப்பி ஆறிப்போச்சுன்னு அவங்க போனதும் கத்துனீங்களே, ஞாபகம் இல்லியா?"

இருந்தது. டம்ளரை நான் தட்டிவிட்டதும், அவள் குனிந்து தரையைத் துடைத்ததும் இருந்தது. அதை அவள் சொல்லவில்லை.

இடைவேளையில் முதல் ஆளாகப் போய் அவளுக்கு ஒரு காப்பி வாங்கி வந்தேன். முன்வரிசைப் பெண் அவளை அடையாளம் கண்டு ஏதோ கேட்க, பவளக்கொடி மும்முரமாகப் பேசிக்கொண்டிருந்தாள். கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. காகிதக் கப் விரலைச் சுட்டது. விளக்கை அணைத்தார்கள். "பெருசு, மறைக்குது, உக்காரு!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். நான் கை மாற்றிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.