மூணாவது மார்க்

“சிஸ்டர், அந்தத் தாளை வாங்காதீங்க. பொய் எழுதியிருக்கா!”

சங்கு கத்தினாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பத்து இயந்திரம் ஒன்றாக ஓடினாலும் அவள் குரல் தனியாகக் கேட்கும். அதனால்தான் அந்தப் பட்டப்பெயர்.

தாளை நீட்டிக்கொண்டிருந்த நெட்டைக்குக் காது மடல் சூடேறியது. வரிசையில் பின்னால் பதினைந்து பேர் நிற்கிறார்கள். எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள்.

போன மாதம் ஒருத்தன் போனில் சூதாடிக்கொண்டே இயந்திரத்துக்குள் கையை விட்டான். அதிலிருந்துதான் நிர்வாகத்துக்கு இந்த அக்கறை. ஆளுக்கு ஒரு தாள், பத்துக் கேள்வி. உனக்குச் சூதாட்டப் பைத்தியம் பிடிக்குமா பிடிக்காதா என்று நீயே டிக் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். ஒரு ‘ஆம்’ போட்டால் ஒரு மார்க். மூணு மார்க் வந்தால் வியாழக்கிழமைதோறும் ஆலோசகரிடம் அனுப்புவார்கள். வராவிட்டால் போய்த் துணியை மடி.

நெட்டைக்கு அந்த மூணு மார்க் வேண்டும். யாரிடமும் வாய்விட்டுக் கேட்க மாட்டாள், அது வேறு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கட்டிலில் உட்கார்ந்து போனில் சீட்டாட ஆரம்பித்தாள். தலை நிமிர்ந்தபோது ஜன்னலில் வெயில் இல்லை. அடுப்புப் பற்றவைக்கவில்லை. பல் தேய்த்தோமா என்று கூட நினைவில்லை. வாரச் சம்பளத்தில் பாதி காணோம். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். அன்று முழுக்க அவளிடம் பிரியமாகப் பேசியது அந்த விளையாட்டு ஒன்றுதான், ‘மீண்டும் வந்துவிட்டாயா தோழி’ என்று. அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஆனாலும் ஒரு பதில்கூடப் பொய்யில்லை.

“என்னக்கா பொய்?” என்றாள்.

“நீ வாயை மூடு.” சங்கு தாளைப் பிடுங்கினாள்.

“அம்மா, அது அவங்க சொந்த விஷயம். நீங்க பார்க்கக் கூடாது” என்றார் சிஸ்டர்.

“படிக்கட்டும் சிஸ்டர். என்கிட்ட மறைக்க என்ன இருக்கு?”

நெட்டை வீம்புக்குத்தான் சொன்னாள். ஆறு வருஷமாக இதே கூத்து. படுக்கை விரிப்பைத் தனியாக மடிக்க முடியாது. இந்த முனையில் நெட்டை, அந்த முனையில் சங்கு. உதறி, இழுத்து, நடந்து வந்து மூலையோடு மூலை சேர்க்க வேண்டும். ஒரு நாளைக்கு நானூறு தடவை முகத்துக்கு நேரே வந்து நிற்பாள் சங்கு. வரும்போதெல்லாம் ஒரு குத்தல். “இழுத்துப் பிடிடி, கையில உயிர் இல்லையா?” “கண்ணு ஏன் இப்படிக் கிடக்கு, ராத்திரியும் போனைத்தான் தின்னியா?”

இப்போது ஊர் கேட்க மானத்தை வாங்குகிறாள்.

சங்கு எழுத்துக்கூட்டிப் படித்தாள். “‘விட்ட பணத்தைப் பிடிக்க மறுபடி ஆடியதுண்டா?’ ஆமாம். சரி. ‘ஆட முடியாதபோது எரிச்சல் வருமா?’ ஆமாம். அதான் தினம் அனுபவிக்கிறேனே!”

வரிசையில் நின்ற பாய்லர்காரர் சிரித்தார். அவரைப் பார்த்து நாலு பேர் சிரித்தார்கள்.

“‘வீட்டாருக்குத் தெரியாமல் ஆடுகிறீர்களா?’ இல்லை.”

“வீட்ல யாரு இருக்கா தெரியாம ஆட?” என்றாள் நெட்டை.

“‘இதனால் குடும்பத்தில் சண்டை வந்ததுண்டா?’ இல்லை.”

“செவுத்தோடயா சண்டை போடறது?”

“‘நண்பர்களிடம் கைமாற்று வாங்கியதுண்டா?’ இல்லை.”

“யாருக்கா இருக்கா கேக்க?”

சிரிப்பு நின்றுவிட்டது. பாய்லர்காரர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சிஸ்டர் எட்டிப் பார்த்து, தாளில் டிக்கை எண்ணினார். “ரெண்டுதான்மா வருது. ஆபத்து கம்மின்னு அர்த்தம். சந்தோஷமான விஷயம்தானே?”

நெட்டை தலையாட்டினாள். இந்த வியாதி வரவே கூட நாலு பேர் வேண்டும் போலிருக்கிறது. ஒண்டியாகக் கிடப்பவளுக்கு ஒன்றுமில்லை என்று எழுதிக்கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். மறுபடி அந்த அறை, அந்தக் கட்டில், அந்தத் தோழி.

“பொய் எழுதினா ரெண்டுதான் வரும்” என்றாள் சங்கு.

“எது பொய், அக்கா?” என்றாள் நெட்டை. “உனக்கு நான் என்ன கெடுதல் பண்ணேன்? இத்தனை பேர் முன்னாடி இப்படி நிக்க வைக்கிறியே!”

சங்கு தாளை சிஸ்டர் பக்கம் திருப்பினாள். கடைசிக் கேள்வியில் விரலை வைத்து சிஸ்டரிடம் காட்டினாள்.

“இதைப் பாருங்க. ‘உங்கள் ஆட்டத்தை நினைத்து யாராவது கவலைப்பட்டதுண்டா?’ இல்லைன்னு போட்டிருக்கா.”

“அதுல என்ன பொய்?” என்றாள் நெட்டை.

சங்கு திரும்பினாள். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக அவள் குரல் இயந்திரச் சத்தத்துக்குக் கீழே போனது. நெட்டை குனிந்துதான் கேட்க வேண்டியிருந்தது.

“ஒவ்வொரு லீவுக்கும் நாலு தடவை போன் பண்ணி, ‘நாளைக்கு எந்த ஷிப்டு’ன்னு உன்கிட்ட கேக்கறேனே, ஒரே விரிப்புக்கு ரெண்டு முனையில நிக்கிறவங்களுக்கு வேற வேற ஷிப்டாடி வரும்?”