வெள்ளிப் பொட்டலம்

லார்ச் மரத்து வளைவில் ஜெம்மா அதைப் பார்த்தாள்.

முஷ்டி அளவில் ஒரு வெள்ளிப் பொட்டலம். தடத்தின் ஓரத்தில், பனியில் பாதி அமிழ்ந்து மின்னியது.

மலையில் மாட்டிக்கொண்டால் உடம்பைச் சுற்றிக்கொள்ளும் போர்வை. போட்டியில் ஏறும் ஒவ்வொருத்தியின் பையிலும் அது இருந்தாக வேண்டும்.

சறுக்குப் பலகைகளை மாட்டிக்கொண்டே மலையேறி, அதே பலகைகளில் கீழே பாய்ந்து, மறுபடி ஏற வேண்டும். மூன்று சுற்று. இது இரண்டாவது. முன்னால் போனது அரியான்னா மட்டும்தான். மற்றவர்கள் வெகு தூரம் பின்னால்; முதல் சுற்றிலேயே இன்னும் இந்த வளைவுக்கு வந்து சேரவில்லை.

தேசிய இளையோர் அணியில் ஒரே ஓர் இடம் பாக்கி. இன்று ஜெயிப்பவளுக்கு அது.

"என்னடி ஜெம்மா, உன் மூச்சு இங்க வரைக்கும் கேக்குது. தூல்யோ மாமாவோட ஓட்டை வேன்தான் ஏறி வருதோன்னு நெனச்சேன்" என்றாள் அரியான்னா, திரும்பாமலே.

ஒரே ஊர், ஒரே பள்ளிப் பேருந்து, ஒரே பயிற்சியாளர். அரியான்னா உச்சியைப் பார்த்து ஏறுவாள். ஜெம்மா பலகை நுனியைப் பார்த்து ஏறுவாள். அதனால்தான் பொட்டலம் இவள் கண்ணில் மட்டும் பட்டது.

முதல் சுற்றில் இதே வளைவில்தான் ஜெம்மா பைக்குள் கைவிட்டு இனிப்புக் கூழை எடுத்து உறிஞ்சினாள். காலி உறையைத் திரும்பப் பைக்குள் திணித்தாள். கீழே போட்டால் தண்டனை. அப்போது இங்கே பனியைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை.

ஆக, அரியான்னாவுடையதுதான்.

அந்தப் பள்ளத்தாக்கில் ஒரு வழக்கம். தடத்தில் யார் சாமான் கிடந்தாலும் பார்த்தவள் குரல் கொடுப்பாள், இல்லையென்றால் எடுத்து வருவாள். கடைசி ஆள் முடிவுக் கோட்டைத் தொடுவதற்குள் வந்து சேர்ந்தால் நடுவர் விட்டுவிடுவார். சேராவிட்டால், ஜெயித்தவளாக இருந்தாலும் பெயரை அடித்துவிடுவார்.

ஜெம்மா வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள்.

வலது ஊன்றுகோலைக் கொஞ்சம் ஓரமாக ஊன்றினாள். ஒரே அழுத்து. பொட்டலம் ஆழத்தில் இறங்கியது. பலகையின் விளிம்பால் பனியைத் தள்ளி மூடினாள். நடை தடுமாறவே இல்லை.

மூன்றாவது சுற்றில் அந்த வளைவு வந்தது. அரியான்னா கடந்து போனாள். கீழே பார்க்கவில்லை.

அதன் பிறகு ஜெம்மாவின் கால்கள் லேசாகிவிட்டன. இனி ஜெயித்தாலும் தோற்றாலும் இடம் இவளுக்குத்தான். பயம் விட்டுப்போனதும் உடம்பு தானாக ஓடியது. கடைசி இறக்கத்தில், வழக்கமாகப் பலகையைத் திருப்பி வேகம் குறைக்கும் இடத்தில், அவள் குறைக்கவில்லை.

அரியான்னாவை முந்தி, ஒரு பலகை நீளத்தில் ஜெயித்தாள்.

ஊரே கத்தியது. பெரிய செப்புப் பாத்திரத்தில் பொலெந்தா என்னும் சோளமாவுக் களியைக் கிண்டிக்கொண்டிருந்தவர்கள் கரண்டியோடு ஓடி வந்தார்கள்.

கோட்டுக்கு அப்பால் மேசை போட்டு, ஊர் ரொட்டிக் கடைக்காரர் தூல்யோ நின்றிருந்தார். முதல் மூன்று பேரின் பைகளைச் சோதிப்பது அவர் வேலை.

"நீ மொதல்ல மூச்ச விடு, ராணி. அவளோடத பாத்துட்டு வரேன்" என்று அரியான்னாவின் பையைக் கவிழ்த்தார்.

மண்வாரி. பனியில் குத்திப் பார்க்கும் கம்பி. கையுறை.

வெள்ளிப் பொட்டலம்.

ஜெம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரியா இருக்கு. இப்ப நீ வா."

எடையைக் குறைக்க, போன வாரம்தான் ஜெம்மா தன் பையின் உள்ளறைகளைப் பிரித்து எறிந்திருந்தாள். இப்போது சாமான்கள் எல்லாம் ஒன்றாகக் கிடந்தன. தூல்யோ மண்வாரியை எடுத்தார், கம்பியை எடுத்தார், கையுறையை எடுத்தார். மறுபடி கையை விட்டுத் துழாவினார். விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது இனிப்புக் கூழின் காலி உறை.

அவர் முகம் மாறியது.

"பதறாத. கடைசி ஆள் வர இன்னும் நேரம் இருக்கு. பனி மேலதான கெடக்கும், பின்னாடி வர்ற பொண்ணுங்க எடுத்துட்டு வந்துருவாங்க."

"எங்கடி பையத் தொறந்த?" அரியான்னா அதற்குள் மறுபடி பலகைகளை மாட்டிக்கொண்டிருந்தாள். "லார்ச் வளைவுலயா? சீக்கிரம் சொல்லு, நான் போய்ப் பாக்குறேன்."

ஜெம்மா வழக்கம்போல் கீழே பார்த்தாள்.

வலது ஊன்றுகோலின் முனையில், நகம் அளவுக்கு ஒரு வெள்ளித் துணுக்கு ஒட்டியிருந்தது.

முனை மறையும்வரை கோலைப் பனிக்குள் அழுத்தினாள்.